உமிக்குன்றின் ஓரத்திலே

வன்னி என்றதும் மனத்திலே முதலில் எழுவது காடா, குளமா, வயலா என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று. காட்டை வெட்டிக் குளத்தைக் கட்டினார்கள் முன்னோர். குளத்தை நம்பி வயலைத் திருத்தினார்கள். பாவற்குளம், வவுனிக்குளம், கனகராயன்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்று பெயர்களைச் சொல்லும்போதே ஈரக்காற்று முகத்தில் வீசுவது போலிருக்கும். அந்த நாட்டை அறுவடைக் காலத்திலே நிதானமாக ஒருமுறை பார்த்துவர வேண்டும் என்பது எமது நெடுநாளைய ஆசை. காலபோக நெல் அறுவடையாகும் மாசி மாதத்திலே அந்த ஆசை நிறைவேறிற்று.

எம்முடன் வந்தவர் இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஊரிலே அவரை எல்லாரும் 'மாஸ்ரர்' என்றே அழைப்பார்கள்; நாமும் அப்படியே அழைப்பது வழக்கம். எதைக் கண்டாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆராய்வது அவர் சுபாவம். இத்தகைய ஒருவரோடு பிரயாணம் செய்வதில் ஒரு சங்கடமும் உண்டு, ஒரு பயனும் உண்டு. சங்கடம் என்னவென்றால், நினைத்த நேரத்திலே நினைத்த இடத்தைச் சென்றடைய முடியாது. பயன் என்னவென்பதை வாசகர்கள் போகப் போக அறிந்துகொள்வார்கள்.

வவுனியாவிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டோம். ஓமந்தையைத் தாண்டிப் புளியங்குளத்தை அணுகும்போது வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. வீதியின் இருமருங்கிலும் காடும் வயலும் மாறிமாறி வந்தன. சில வயல்களிலே நெற்கதிர் இன்னும் தலைசாய்த்து நின்றது. சிலவற்றிலே அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் மிஞ்சியிருந்தது. தொலைவிலே அடிவானத்தை ஒட்டிப் பல இடங்களிற் புகை எழுந்துகொண்டிருந்தது. மேகமோ என்று முதலில் நினைத்தோம். கனகராயன்குளத்தை நெருங்கியபோது அந்த ஐயம் நீங்கிற்று. வீதியோரத்து வயலொன்றிலே வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது.

வாகனத்தை நிறுத்தச் சொன்னார் மாஸ்ரர். வரம்பிலே துவாயைத் தலையிற் கட்டியபடி முதியவர் ஒருவர் நின்றார். வணக்கம் சொல்லிப் பேச்சைத் தொடங்கினோம்.

"ஐயா, நல்ல வைக்கோலை ஏன் இப்படி எரிக்கிறியள்?"

"எரிக்காமல் என்ன செய்யிறது தம்பி? முந்தியெண்டால் அரிவு வெட்டி, சூடடிச்சு, வைக்கோலைப் போராய்க் குவிச்சு வைப்பம். இப்ப மெசின் வந்து ஒரு மணித்தியாலத்திலை வெட்டி, நெல்லைச் சாக்கிலை தந்திட்டு, வைக்கோலை வயல் முழுக்கத் துப்பிப்போட்டுப் போகுது. அதைக் கூட்டி அள்ளுற கூலி ஆர் குடுக்கிறது? மாட்டுக்கு வேண்டியதை அந்த மூலையிலை வைச்சிருக்கிறன். மிச்சத்தைக் கொளுத்தினால்தான் அடுத்த உழவுக்கு நிலம் துப்புரவாகும்."

அவர் சொன்னதிலே தவறு காண்பதற்கு எமக்கு வழி தெரியவில்லை. பேச்சு உழவு இயந்திரத்தைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் திரும்பிற்று. 2022-ஆம் ஆண்டை அவர் மறக்கவில்லை. நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லாமற்போய், எண்ணெய்க் கப்பல்கள் வராமல், ஊரெல்லாம் வரிசையில் நின்ற ஆண்டு அது.

"சிறுபோக நெல் விளைஞ்சு சாயுது, வெட்டுற மெசினுக்கு டீசல் இல்லை. கானைக் கொண்டுபோய் ரா முழுக்க நிண்டனாங்கள். மழை வந்தால் அவ்வளவும் போச்சு. கையிலை அரிவாளை எடுப்பமெண்டால், வெட்டத் தெரிஞ்ச பெடியளும் இப்ப ஊரிலை இல்லை."

"அந்தப் போகத்திலும் வைக்கோல் எரிந்ததா ஐயா?" என்று கேட்டார் மாஸ்ரர்.

முதியவர் சற்று நேரம் எரியும் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். "எரிஞ்சதுதான்" என்றார்.

நாம் விடைபெற்றுக்கொண்டோம். எரிபொருளுக்காக இரவு முழுதும் வரிசையிற் காத்து நின்ற ஒரு கமக்காரர், வீடு திரும்பித் தம் வயலிலே எரிபொருளைத் தாமே கொளுத்தினார் என்றால் அதை என்னவென்று சொல்வது? மாங்குளம் வரையில் வாகனத்திலே எவரும் பேசவில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் இந்த வீதியிலே அப்பாற் செல்பவர் அரிது. நாமும் இறங்கித் தேங்காய் உடைத்து வணங்கி, வழக்கப்படி வறுத்த கச்சானும் வாங்கிக்கொண்டு ஒரு மரநிழலில் அமர்ந்தோம். கச்சானை உடைத்து உண்ண உண்ணக் கோது காலடியிலே குவிந்தது. மாஸ்ரர் ஒரு கோதைக் கையிலெடுத்துப் பேசத் தொடங்கினார்.

"இந்தக் கோதும், அந்த வயலிலே எரிந்த வைக்கோலும், ஆலையிலே குவியும் உமியும் ஒரே குடும்பம். காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தே இவற்றைக் கட்டியிருக்கின்றன. பெற்றோலிலும் டீசலிலும் இருப்பவை காபனும் ஐதரசனும். ஆகவே, கோதிலிருந்து ஒட்சிசனை விலக்கி, மிஞ்சியதை வேண்டிய முறையிலே கோத்துவிட்டால் எரிநெய் கிடைக்கும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதுதான் கடினம். அதற்கு ஒரு தரகர் வேண்டும்."

"தரகரா?" என்றோம்.

"ஆம், கலியாணத் தரகர்! பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் அடுத்தடுத்த ஊரிலே இருந்தாலும், இடையிலே ஒருவர் போய்ப் பேசாவிட்டால் காரியம் நடப்பதில்லை. தரகர் வந்ததும் பத்து வருடத்திலே நடக்காதது பத்து நாளிலே நடந்துவிடுகிறது. கலியாணம் முடிந்தபின் அவர் அந்தக் குடும்பத்திலே ஒருவராகிவிடுவதும் இல்லை. குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார். இரசாயனத்திலே அந்தத் தரகருக்கு 'ஊக்கி' என்று பெயர். தான் மாறாமல் நின்று, மற்றப் பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்துவது அது."

இந்தத் தத்துவத்துக்கு 1835-ஆம் ஆண்டிலே பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியசு. ஆனால் பெயர் அறியாமலே ஊக்கியைப் பயன்படுத்தி வந்தவர்கள் நம்மவர் என்பதை மாஸ்ரர் ஓர் உதாரணத்தால் விளக்கினார். பாளையிலே கட்டிய முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது இனிய கருப்பநீர். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதுவே கள். காற்றிலிருந்தும் முட்டியிலிருந்தும் சேரும் மதுவம் என்ற நுண்ணுயிர், தன்னிடமுள்ள நொதியங்களைக் கொண்டு சர்க்கரையை எதனோலாக மாற்றிவிடுகிறது. நொதியம் என்பது உயிர்கள் உண்டாக்கும் ஊக்கி. சுண்ணாம்பு பட்டால் மதுவத்தின் வேலை நின்றுவிடும். ஊக்கியை ஏவவும் தெரிந்து, தடுக்கவும் தெரிந்தவர் நமது சீவற்றொழிலாளர்.

முறிகண்டியைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் அறிவியல் நகர் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் இங்கேயே இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டிலே போர் முடிந்தபோது வெறிச்சோடிக் கிடந்த நிலத்திலே, புத்தகமும் கையுமாக மாணவரும் மாணவியரும் வீதியைக் கடந்து செல்லும் காட்சி எவருடைய மனத்தையும் குளிரச் செய்யும். இயந்திரம் படிப்பவரும் நெல்லைப் படிப்பவரும் ஒரே நகரில் வசிப்பது ஒரு நல்ல சகுனம் என்றார் மாஸ்ரர். அதன் காரணத்தைப் பின்னர் சொல்வதாகவும் சொல்லிவைத்தார்.

அங்கிருந்து இரணைமடுக் குளத்தைப் பார்க்கச் சென்றோம். அணைக்கட்டின் மேல் நின்றபோது ஒரு சிறு கடலின் கரையிலே நிற்பது போன்ற உணர்ச்சி எமக்கு உண்டாயிற்று. கனகராயன் ஆற்றை மறித்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்தக் குளத்தைக் கட்டத் தொடங்கினார்கள். பின்னர் பலமுறை அணையை உயர்த்தினார்கள். கிளிநொச்சியின் வயல்களுக்கு உயிர் கொடுப்பது இந்த நீர்தான். நீர் பாய்ந்த இடமெல்லாம் நெல். நெல் விளைந்த இடமெல்லாம் வைக்கோலும் உமியும். குளத்தைக் கட்டியவர்கள் நெல்லின் கணக்கைப் போட்டார்கள். வைக்கோலின் கணக்கை எவரும் போட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் கணக்கை நாம் போட நேர்ந்த இடம் கிளிநொச்சிக்குப் புறத்தேயுள்ள ஓர் அரிசி ஆலை. ஆலையின் பின்புறத்திலே உமி ஒரு குன்றாகக் குவிந்து கிடந்தது. பொன்னிறமான அந்தக் குன்றின்மேல் ஆலைச் சிறுவர் இருவர் ஏறிச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தனர். காற்று வீசும்போதெல்லாம் உமி எழுந்து பறந்தது.

"புழுங்கல் அவிக்கிற அடுப்புக்குக் கொஞ்சம் போகும், செங்கல் சூளைக்காரர் கொஞ்சம் ஏத்துவினம், கோழிப் பண்ணைக்குக் கொஞ்சம் போகும். மிச்சம் உதிலைதான் கிடக்கு" என்றார் ஆலைக்காரர். "காத்தடிச்சால் அயலட்டைச் சனம் பேசுது. கொளுத்தினால் அதைவிடப் பேசுது."

நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கும். வயலிலே எஞ்சும் வைக்கோலோ ஏறக்குறைய நெல்லின் நிறையளவு இருக்கும். ஒரு தொன் நெல் ஆலைக்கு வந்தால் 200 கிலோ உமி மிஞ்சும் என்பது இதனாற் பெறப்படும். மூன்று கிலோ உமியிலே அடங்கியுள்ள வெப்பம் ஏறத்தாழ ஒரு கிலோ டீசலின் வெப்பத்துக்குச் சமம். ஆகவே அந்த 200 கிலோ உமி, வெப்பக் கணக்கிலே, அறுபத்தைந்து கிலோவுக்குக் குறையாத டீசல். மாற்றும்போது பெரும்பகுதி நட்டமாகும் என்பது உண்மைதான். மூன்றில் ஒரு பங்கு கைக்கு வந்தாலும், ஒவ்வொரு தொன் நெல்லும் இருபது கிலோ எண்ணெயைத் தன்னுடனே ஆலைக்குக் கொண்டு வருகிறது என்று கொள்ளலாம். குன்றை மறுபடியும் அண்ணாந்து பார்த்தோம். இப்போது அது எமக்கு வேறொரு தோற்றத்தைத் தந்தது.

உமியை எண்ணெயாக்கும் வழிகள் யாவை? மாஸ்ரர் குன்றின் ஓரத்திலே குந்தியிருந்து, ஒரு குச்சியால் நிலத்திலே கீறிக்கீறிச் சொன்னார். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறோம்.

முதலாவது வழி நொதிய வழி. வைக்கோலிலே செலுலோசு என்ற பொருள் இருக்கிறது. அது சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த ஒன்று. இலிக்னின் என்ற பிசின் அதைச் சுற்றி வேலியடைத்து நிற்கிறது. அமிலத்தாலோ காரத்தாலோ வேலியைத் தளர்த்தி, நொதியத்தால் சங்கிலியை அறுத்து, மதுவத்தால் சர்க்கரையை எதனோலாக்கினால் பெற்றோலுடன் கலந்து எரிக்கலாம். இந்தியாவிலே அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில், இந்தியன் ஒயில் நிறுவனம் இவ்வகை ஆலையொன்றை அமைத்து, 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அதன் திறப்பு விழா நடைபெற்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் தொன் நெல் வைக்கோலிலிருந்து மூன்று கோடி லீற்றர் எதனோல் பெறுவது அதன் திட்டம். தொன்னுக்கு நூற்றைம்பது லீற்றர் என்று கணக்காகிறது. நாம் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற அதே மாதங்களிலே அந்த ஆலை திறக்கப்பட்டது என்பதை எண்ணியபோது எமக்கு ஒரு பெருமூச்சு வந்தது.

இரண்டாவது வழி வெப்ப வழி. காற்றுப் புகாத கலத்திலே உமியை ஏறத்தாழ 500 பாகை வெப்பத்துக்கு விரைவாகச் சூடேற்றினால் புகை எழும். அதைக் குளிரவைத்தால் கரிய எண்ணெய் கிடைக்கும். ஆனால் அது நீர் கலந்தது, அமிலத் தன்மை உடையது. இயந்திரத்தில் ஊற்றினால் உலோகத்தை அரித்துவிடும். அந்தப் புகையைக் குளிருமுன்னரே சியோலைற்று என்ற நுண்துளைக் கல்லின் ஊடாகச் செலுத்தினால், கல் ஊக்கியாக நின்று ஒட்சிசனைப் பிரித்தெடுக்கிறது. எண்ணெயும் பெற்றோலின் சுபாவத்தை நெருங்குகிறது.

மூன்றாவது வழி வாயு வழி. குறைந்த காற்றிலே உமியை எரித்தால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு உண்டாகும். இரும்பையோ கோபாற்றையோ ஊக்கியாக வைத்து, அந்த வாயுக்களை மறுபடியும் கோத்து டீசலாக்கலாம் என்பதை 1925-ஆம் ஆண்டு அளவிலே செருமனியிற் கண்டவர்கள் பிஷர், துரோப்சு என்ற இரு விஞ்ஞானிகள். அவர்கள் எடுத்துக்கொண்டது நிலக்கரியிலிருந்து பெற்ற வாயு. தன்னிடம் போதிய எண்ணெய்க் கிணறுகள் இல்லாத செருமனி, இரண்டாம் உலகப் போரின்போது இந்த முறையிலும் எண்ணெய் செய்தது. தென்னாபிரிக்காவும் 1955-ஆம் ஆண்டிலே இதே முறையிலே நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்கத் தொடங்கிற்று. எண்ணெய் வரும் வழி அடைபட்டுவிடுமோ என்ற அச்சம் உள்ளவர்களே இந்தக் கலையை ஊன்றிக் கற்றிருக்கிறார்கள்.

வழி அடைபடுவது என்றால் என்ன என்பதை வன்னி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990-களிலே பொருளாதாரத் தடை இருந்த காலத்திலே, சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் இவர்கள். ஜாம் போத்தலுக்குள்ளே திரியிட்டு, ஓர் இரவுக்கு எத்தனை துளி எண்ணெய் போதும் என்று கணக்குப் பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் இவர்கள். அந்த நாளிலும் வைக்கோல் வயலிலே இருந்தது. எண்ணெயாக்கும் கலைதான் கைவசம் இருக்கவில்லை.

ஆலையிலிருந்து பரந்தனுக்குச் சென்றோம். அங்கே நாம் பார்க்க விரும்பியது பழைய இரசாயனத் தொழிற்சாலை இருந்த இடம். 1950-களிலே அரசாங்கம் நிறுவிய தொழிற்சாலை அது. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கரைத்து, மின்சாரத்தைச் செலுத்திக் கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்தார்கள். போர்ச் சூழலினால் 1980-களின் நடுவிலே அதன் வேலை நின்றது. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட அந்த இடத்திலே, எமது காதில் விழுந்தது காற்றின் ஓசை ஒன்றே.

மாஸ்ரர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "வைக்கோலின் பிசின் வேலியைத் தளர்த்துவதற்குக் கைக்கெட்டிய பொருள் கோஸ்ரிக் சோடா. எண்ணெய் வித்துக்களின் எண்ணெயை டீசலைப் போன்ற எரிநெய்யாக மாற்றுவதற்கு உலகெங்கும் வழங்கும் ஊக்கியும் அதுவே. உமிச் சாம்பலைக் கரைத்து அதிலுள்ள சிலிக்காவைப் பிரிப்பதற்கும் அதுவே வேண்டும். அந்தச் சிலிக்காவிலிருந்து சற்று முன் சொன்ன சியோலைற்றையும் செய்யலாம். உப்பு நீரிலே மின்சாரம் பாய்ச்சும்போது ஐதரசனும் உடன் பிறக்கிறது. கரிய எண்ணெயைத் திருத்துவதற்கு அதுவும் பயன்படும். நெல் இரணைமடுவிலே, உப்பு ஆனையிறவிலே, நடுவிலே பரந்தன். எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்திலே இருந்தன!"

உமிச் சாம்பலின் விசேடத்தை இங்கே சிறிது சொல்ல வேண்டும். உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலிலே பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. மண்ணிலிருந்து நெற்பயிர் உறிஞ்சித் தன் மணிக்குக் கவசமாகக் கட்டிக்கொண்ட மணற்பொருள் அது. 700 பாகைக்கு மேற்படாத சூட்டிலே எரித்தால், அது ஊக்கிகளைத் தாங்கும் நல்ல துளைப்பொருளாகிறது. சூடு மிஞ்சினால் பளிங்குத் தன்மையாகி அந்தக் குணத்தை இழந்துவிடுகிறது. அதன் தூசி சுவாசப்பைக்கும் தீங்கு செய்யும். எரிபொருளும் உமியிலிருந்து, எரிபொருளை ஆக்கும் ஊக்கியும் உமியிலிருந்து என்றால், இயற்கையின் சிக்கனத்தை வியக்காமல் இருக்க முடியுமா?

இவ்வளவு சொன்னபின், வாசகர்கள் எம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்பார்கள்: இத்தனை எளிதென்றால் ஏன் இன்னும் நடக்கவில்லை? நியாயமான கேள்வி. தடைகளையும் மறைக்காமற் சொல்வது எமது கடமை.

வைக்கோல் கனமற்றது, இடத்தை அடைப்பது. லொறியிலே வைக்கோலை ஏற்றினால் பாதிக்குமேல் ஏற்றுவது காற்றைத்தான். தூரத்து ஆலைக்கு அதைக் கொண்டுபோகச் செலவாகும் டீசல், அங்கே கிடைக்கும் எண்ணெயைத் தின்றுவிடக்கூடும். பருவமும் ஒரு தடை. அறுவடை சில வாரங்களில் முடிந்துவிடும். ஆலையோ ஆண்டு முழுதும் ஓட வேண்டும். ஊக்கிக்கும் நோய் உண்டு. வைக்கோலிலுள்ள பொற்றாசியமும் குளோரினும் ஊக்கியின் மேலே படிந்து அதை மந்தமாக்கிவிடும். சுண்ணாம்பு மதுவத்தை அடக்குவது போன்றது இது.

இன்னொரு விஷயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. வைக்கோல் வயலிலே கிடப்பதனால் அது கழிவு என்று நாம் கொண்டுவிடலாகாது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்திலே பெரும்பகுதி வைக்கோலிலேதான் நிற்கிறது. அதை முழுதும் அள்ளிக்கொண்டு போனால், மண்ணுக்குரிய கடனைத் திருப்பாமல் ஓடுபவர் ஆவோம். மாட்டுக்கும் அதிலே பங்குண்டு. கோடையிலே வன்னியின் பால்மாடுகள் வாடாமல் இருப்பது வைக்கோற்போரினால் அல்லவா? 2021-ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை நிறுத்தப்பட்டபோது, மண்ணிலே உரம் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைக் கமக்காரர்கள் கண்ணாரக் கண்டார்கள்.

ஆகையால் முதற் பங்கு மாட்டுக்கு, இரண்டாம் பங்கு மண்ணுக்கு, மிஞ்சியதே எரிபொருளுக்கு. இந்த ஒழுங்கை மாற்றினால் ஓர் எரிபொருள் ஆலையினாலே வயல் வறுமைப்படும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வைக்கோலிலே அல்ல, உமியிலே என்பதுதான் அந்தக் குன்றின் ஓரத்திலே எமக்குத் தோன்றிய விடை. உமியைச் சேர்க்க எவரும் கூலி கொடுக்க வேண்டியதில்லை. நெல்லோடு நெல்லாக அது ஆலைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஆலையிலே நெல் குற்றும் நாளெல்லாம் உமியும் விழும். மாடு அதை விரும்பித் தின்பதில்லை. எரித்தபின் மிஞ்சும் சாம்பலுக்கும் பயன் உண்டு.

பெரிய ஆலையைத்தான் முதலில் கட்டவேண்டும் என்பதும் இல்லை. இந்தியாவின் பீகார் மாநிலத்திலே, 2007-ஆம் ஆண்டில், அரசாங்க மின்கம்பி எட்டாத கிராமங்களுக்கு உமியிலிருந்து வாயு எடுத்து இயந்திரம் ஓட்டி மின்விளக்கு ஏற்றியவர்கள் உண்டு. 'ஹஸ்க் பவர்' என்ற அந்த நிறுவனம் பின்னர் சூரிய ஒளியின் பக்கம் திரும்பிற்று. ஆனாலும் உமி ஒரு கிராமத்துக்கு வெளிச்சம் தரும் என்பதை அது காட்டிவிட்டது. இத்தகைய இயந்திரங்களின் பெரிய தொல்லை, வாயுவோடு வரும் தார். அது குழாயை அடைக்கும், இயந்திரத்தை நிறுத்தும். அதை உடைப்பதற்கு நிக்கல் ஊக்கி உண்டு. ஆனால் விலை அதிகம். சுட்ட சுண்ணாம்புக் கல்லும் அந்த வேலையை ஓரளவு செய்யும் என்று மாஸ்ரர் சொன்னபோது நாம் சிரித்துவிட்டோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளமே சுண்ணாம்புக் கல்லல்லவா? முட்டியிலே மதுவத்தை அடக்கிய அதே சுண்ணாம்பு, உமி வாயுவிலே தாரை உடைக்கும் ஊக்கியாகிறது.

"அறிவியல் நகரிலே சொன்ன சகுனத்தின் பொருள் இதுதான்" என்றார் மாஸ்ரர். "எவ்வளவு வைக்கோலை எடுத்தால் மண் பொறுக்கும் என்று சொல்ல விவசாயம் படித்தவர் வேண்டும். எந்தச் சூட்டிலே எந்த ஊக்கி நிற்கும் என்று சொல்லப் பொறியியல் படித்தவர் வேண்டும். இரண்டு பேரும் ஒரே தேநீர்க் கடையிலே தேநீர் குடிக்கிறார்கள். இனி அவர்கள் ஒருவரோடொருவர் பேசவேண்டும். ஆலைக்காரரோடும் பேசவேண்டும்."

"அதற்கும் ஒரு தரகர் வேண்டுமே, மாஸ்ரர்!" என்றோம்.

"பத்திரிகைக்காரர் எதற்கு இருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார் அவர்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. மாங்குளத்துக்கு அப்பால் இருமருங்கிலும் வயல்களிலே நெருப்புக் கோடுகள் தெரிந்தன. பகலிலே புகையாகத் தோன்றியவை இரவிலே தீபாவளி விளக்குகளைப் போல அழகாக இருந்தன. அந்த அழகை நாம் இரசிக்கவில்லை. கனகராயன்குளத்து முதியவரின் வயல் அணைந்து கருகிக் கிடந்தது. அதன் மூலையிலே அவர் மாட்டுக்கென்று வைத்த சிறு வைக்கோற்போர் மாத்திரம் நிலவொளியில் வெளிறி நின்றது. அந்தப் போரின் அளவுக்கேனும் அவர் கணக்குப் போட்டிருக்கிறார். மிச்சத்துக்கும் கணக்குப் போடுவது படித்தவர் கடமை.

வீட்டுக்கு வந்தபின் மாஸ்ரர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி உமியை எடுத்து மேசைமேல் வைத்தார். பேரப்பிள்ளைகளை அழைத்தார். ஓர் ஓட்டுத்துண்டிலே சிறிது உமியைப் பரப்பி, தணலின்மேல் வைத்து, அது கருகி, பின்பு மெல்ல மெல்ல வெளுக்கும் வரை காத்திருக்கச் சொன்னார். உமி எரிந்து முடிந்தும் அதன் உருவம் அழியவில்லை; சாம்பலால் ஆன ஒரு வெள்ளை உமி அப்படியே இருந்தது. ஊதாமல் மெதுவாகத் தொட்டுப் பார்த்த சின்னவள், "தாத்தா, இது எரிஞ்சும் இருக்குதே!" என்றாள்.

இதை வாசிக்கும் இளைஞர்களும், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பிடி உமியை இவ்வாறு எரித்துப் பார்க்கலாம். எரிந்து போனது என்ன, எஞ்சி நின்றது என்ன என்று உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேளுங்கள். அடுத்த அறுவடைக்கு வன்னி வீதியிலே செல்லும்போது, அந்தப் புகையை நீங்கள் மேகம் என்று நினைக்கமாட்டீர்கள்.